ஊர் நடுவே நூலகம்
பொது நூலகத்துக்கு நிலம் தேர்வது பற்றி வாசகர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை



பொது நூலகம் வேண்டுமா, வேண்டாமா என்று கேட்பார் இன்று நம்மிடையே எவருமிலர். மாநகர சபையாயினும் நகர சபையாயினும் பிரதேச சபையாயினும், நூலகம் அமைப்பதைத் தன் கடமைகளுள் ஒன்றாகவே ஏற்றுக் கொண்டிருக்கின்றது. தேர்தல் மேடையிலே நூலகத்தை எதிர்த்துப் பேசியவர் எவரையும் நாம் கண்டதில்லை. ஆனால், அந்த நூலகம் எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் போதிய கவனம் செலுத்தப்படுவதில்லை. “சபைக்குச் சொந்தமான காணி ஒன்று ஊர்ப்புறத்தே கிடக்கின்றது, அதிலே கட்டுவோம்” என்று ஒருவர் பிரேரிப்பார், இன்னொருவர் ஆமோதிப்பார், பத்து நிமிடத்தில் தீர்மானம் நிறைவேறிவிடும். பத்து நிமிடத்தில் எடுத்த அந்தத் தீர்மானத்தின் பலனை ஊரார் ஐம்பது ஆண்டுகள் அனுபவிக்க நேரிடும்.

நூல்களைப் பின்னர் வாங்கலாம். தளபாடங்களை மாற்றலாம். நூலகர் போதாதாயின் மேலும் இருவரை நியமிக்கலாம். தவறான இடத்திலே எழுப்பிய கட்டிடத்தை மட்டும் தூக்கிச் சென்று வேறிடத்தில் வைக்க முடியாது. ஆகவேதான், நூலகத்தின் முதற் கேள்வி நிலம் பற்றிய கேள்வியே என்று நாம் சொல்லுகின்றோம்.

நகரின் நடுவிலே, மக்கள் வந்து கூடும் இடத்துக்கு நடைதூரத்திலே, பொது நூலகம் அமைய வேண்டும் என்பது நம் கருத்து. அதற்கான நியாயங்களையும், அதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

யாழ்ப்பாணம் காட்டிய வழி

உதாரணத்தைத் தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வரலாறே நமக்குப் போதுமானது.

1933ஆம் ஆண்டிலே கே. எம். செல்லப்பா என்ற ஆர்வலர் தம் வீட்டிலேயே நூல்களை வைத்து, வேண்டியோர்க்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அம்முயற்சியைக் கண்ட அறிஞர் பெருமக்கள் கூடி ஒரு குழு அமைத்தனர். 1934ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலே ஆஸ்பத்திரி வீதியிலே வாடகை அறை ஒன்றில் நூலகம் திறக்கப்பட்டது. அன்று அங்கிருந்த நூல்கள் 844. அடுத்த ஆண்டு, 1935இல், நகர ஆட்சி அதனைத் தன் பொறுப்பில் ஏற்றுக் கொண்டது.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். வீட்டில் இருந்த நூல்கள் வீதிக்கு வந்தன. எந்த வீதிக்கு வந்தன? வாடகை குறைந்த ஒதுக்குப்புற ஒழுங்கைக்கு அல்ல. நோயாளியும் அவரைப் பார்க்கச் செல்பவரும், வியாபாரியும் மாணவரும் ஓயாது நடமாடிய ஆஸ்பத்திரி வீதிக்கே வந்தன. ஓர் அறையும் 844 நூல்களுமே கையிருப்பாக இருந்தவர்கள், இடத்தை மட்டும் செல்வந்தரைப் போலத் தேர்ந்தார்கள்.

1949இல் யாழ்ப்பாணம் மாநகரமாயிற்று. முதல் மேயர் சாம் ஏ. சபாபதி அவர்களும், சம்பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக விளங்கிய லோங் அடிகளாரும், வேறு பல பெரியோரும் புதிய நூலகத்துக்காக உழைத்தனர். தமிழ்நாட்டிலிருந்து நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் அவர்களின் ஆலோசனையும், கட்டிடக் கலைஞர் வி. எம். நரசிம்மன் அவர்களின் வரைபடமும் பெறப்பட்டன. 1954இல் அடிக்கல் நாட்டி, 1959 அக்டோபரில் மேயர் அல்பிரட் துரையப்பா அவர்களின் காலத்திலே கட்டிடம் திறந்து வைக்கப்பட்டது.

அது நிற்கும் இடத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் முற்றவெளியும் கோட்டையும், எதிரே விளையாட்டரங்கு, அருகிலே பாடசாலைகள், நடந்து போகக்கூடிய தூரத்திலே பஸ்நிலையமும் சந்தையும் வைத்தியசாலையும். தீவுப் பகுதிகளிலிருந்து வருவோர் பண்ணைப் பாலத்தைக் கடந்ததும் நகரின் அந்த வாயிலைத்தான் அடைகின்றனர். பருத்தித்துறை வீதி வழியே வடமராட்சி மக்களும், காங்கேசன்துறை வீதி வழியே வலிகாமத்து மக்களும், கண்டி வீதி வழியே தென்மராட்சி மக்களும் வந்து இறங்குவது அந்த நகர நடுவிலேதான். நிலப்படத்திலே அளந்து பார்த்தால் அவ்விடம் குடாநாட்டின் மையமன்று. தென்மேற்கு மூலை என்றே சொல்ல வேண்டும். ஆயினும் வீதிகளின் மையம் அதுவே. நூலகத்துக்கு வேண்டிய மையம், அளவுநாடா காட்டும் மையமன்று; மக்களின் கால்கள் காட்டும் மையமே.

ஐந்து விதிகளும் ஒரு நிலமும்

இரங்கநாதன் அவர்கள் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றவர். 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்து நூலாக வெளியிட்டவர். அவ்விதிகளை உலகெங்கும் நூலகர்கள் பாடமாகப் படிக்கின்றனர். அவற்றின் கருத்தை நாம் எளிய தமிழிலே சொன்னால் இவ்வாறு அமையும்: நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுவதற்கே. எந்த வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும். எந்த நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் வளர்ந்து கொண்டே போகும் உயிருள்ள பொருள்.

இவற்றை நூலடுக்கும் முறைக்கு மட்டும் உரியவை என்று கருதுவோர் உளர். அது பிழை. முதல் விதியை விளக்கப் புகுந்தபோதே இரங்கநாதன் அவர்கள் நூலகம் நிற்கும் இடத்தைப் பற்றித்தான் பேசினார். பொருளை விற்க விரும்பும் கடைக்காரன் எங்கே கடை வைப்பான்? சனங்கள் போகும் வழியிலன்றோ வைப்பான்? நூல் வாசிக்கப்பட வேண்டும் என்று மெய்யாகவே விரும்பும் சபையும் அவ்வாறே செய்ய வேண்டும். நூல்களை மக்கள் தொடாமல் பாதுகாப்பதே நோக்கமானால் ஊர்ப்புறம் நல்லது. மக்கள் தொட்டு, புரட்டி, தேய்ந்து போகும் வரை வாசிப்பதே நோக்கமானால் ஊர் நடுவே வேண்டும்.

வாசகரின் நேரம் பற்றிய விதியும், நூலகத்தின் வளர்ச்சி பற்றிய விதியும் அவ்வாறே நிலத்தைத் தொடுகின்றன. முன்னது, அருகில் இடம் தேடு என்கின்றது. பின்னது, போதிய அகலமுள்ள இடம் தேடு என்கின்றது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதுவதும் உண்டு. அருகில் உள்ள நிலம் ஒடுங்கியதாயிருக்கும், அகன்ற நிலம் தொலைவில் இருக்கும். நிலம் தேர்வோரின் திறமையெல்லாம் இந்த மோதலைத் தீர்ப்பதிலேதான் தங்கியிருக்கின்றது.

நிலம் மலிவா? நேரம் மலிவா?

முதலாவது ஆட்சேபம் பணத்தைப் பற்றியது. “நகர நடுவிலே பரப்பு ஒன்றின் விலை என்னவென்று தெரியுமா? அந்தப் பணத்துக்கு ஊர்ப்புறத்திலே பத்துப் பரப்பு வாங்கலாம்” என்கின்றனர். இது பொய்யன்று. ஆனால் முழுக் கணக்குமன்று.

கமக்காரர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். ஒரு நூலகத்துக்கு நாளொன்றுக்கு 200 பேர் வருகின்றனர் என்று வைத்துக் கொள்வோம். இடம் தொலைவில் இருப்பதால் ஒவ்வொருவரும் போக வர அரை மணி நேரம் மேலதிகமாகச் செலவிடுகின்றனர் என்றும் வைத்துக் கொள்வோம். நாளொன்றுக்கு 100 மணி நேரம். ஆண்டுக்கு 300 நாட்கள் திறந்திருந்தால் 30,000 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்று பிரித்தால், அஃது 3,750 ஆட்களின் ஒரு நாள் உழைப்பு! நிலத்திலே சபை மிச்சம் பிடித்தது ஒரு தடவை. வாசகர் இழப்பது ஆண்டுதோறும். பஸ் கட்டணம் இதற்குப் புறம்பு. மிச்சம் சபையின் கணக்கிலே தெரியும். இழப்பு எந்தப் புத்தகத்திலும் பதியப்படாது. பதியப்படாத காரணத்தால் அஃது இழப்பன்று என்று ஆகிவிடுமா?

இன்னும் ஒன்று. அந்த 200 பேரும் அங்கே வரவே மாட்டார்கள் என்பதுதான் உண்மையிலேயே நடப்பது. தொலைவிலுள்ள நூலகத்துக்கு யார் செல்வர்? சொந்த வாகனம் உள்ளவர் செல்வர். பரீட்சைக்குப் படிப்பவர் சிலர் செல்வர். சந்தைக்கு வந்தவர் செல்ல மாட்டார். வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் செல்ல மாட்டார். மாலை வகுப்பு முடிந்த மாணவி, விளக்கில்லாத வீதியிலே தனியே செல்லத் துணியமாட்டாள். துணிந்தாலும் பெற்றோர் விட மாட்டார்கள். மலிந்த நிலத்தைத் தேர்ந்த சபை, தன்னை அறியாமலே, இவர்கள் அனைவரையும் பார்த்து “உங்களுக்கு நூலகம் இல்லை” என்று சொல்லிவிடுகின்றது.

இதனையொட்டி வேறொரு வாதமும் வருகின்றது. “நகர நடுவிலே கடைத்தொகுதி கட்டினால் வாடகை வருமே, நூலகம் கட்டினால் என்ன வரும்?” என்று கேட்பர். தோட்டக்காரர் ஒருவர் கிணறு வெட்டுவது தண்ணீரை விற்பதற்கா? தோட்டத்தின் எல்லாப் பாத்திகளுக்கும் வாய்க்கால் ஓடுவதற்கே வெட்டுகின்றார். கல்லாயிருக்கின்றது, வெட்டுகூலி கூடுகின்றது என்று சொல்லி, வாய்க்கால் ஏற முடியாத பள்ளத்திலே கிணற்றை வெட்டுவாரா? நூலகமும் ஊரின் பொதுக் கிணறு. அதன் வருமானம் பயிரிலே தெரியும், கிணற்றடியிலே தெரியாது.

இலவச நிலத்தின் விலை

இரண்டாவது, நன்கொடைக் காணி. ஊரிலே தருமசிந்தை உள்ள ஒருவர், தம் முன்னோர் பெயரால் காணியோ பழைய வீடோ தர முன்வருவார். அவரைப் போற்றுவது நம் கடமை. ஆனால், தருகின்றார் என்பதற்காக அவ்விடத்திலேயே நூலகத்தைக் கட்ட வேண்டும் என்பது கடமையன்று.

உறுதி தெளிவாயிருக்கின்றதா, உடன்பங்காளர் எவரேனும் உளரா, வழி வாய்க்கால் உரிமை பற்றிய தகராறு உண்டா என்பதைச் சட்டத்தரணி ஒருவர் முதலிலே ஆராய வேண்டும். மாரியிலே வெள்ளம் நிற்கும் தாழ்ந்த நிலமா என்பதை வரைபடத்தில் அல்ல, கார்த்திகை மாதத்திலே நேரிற் சென்று பார்க்க வேண்டும். ஈரமும் கறையானும் நூலுக்கு எமன்கள். பழைய வீடாயின், அதன் தளம் நூற்சுமையைத் தாங்குமா என்பதைப் பொறியியலாளர் சொல்ல வேண்டும். வீட்டுத் தளம் ஒன்று தாங்க வேண்டிய பாரத்தைப் போல மூன்று நான்கு மடங்கு பாரத்தை, நூலடுக்குகள் நிறைந்த தளம் தாங்க வேண்டியிருக்கும் என்பது பொறியியலாளர் அறிந்த கணக்கு. ஒரு நூல் இலேசானது. பல்லாயிரம் நூல்கள் மலை போன்றவை.

அமெரிக்கச் செல்வர் அன்ரு கார்னெகி அவர்கள் உலகின் பல பாகங்களிலே 2,500க்கும் மேற்பட்ட நூலகக் கட்டிடங்களுக்குப் பணம் கொடுத்தவர். அவர் விதித்த நிபந்தனை பொருள் பொதிந்தது. கட்டிடத்துக்குப் பணம் தருவேன். நிலத்தை ஊராரே தர வேண்டும். கட்டிடச் செலவின் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் நூலகத்தை நடத்த ஊராட்சியே ஒதுக்க வேண்டும் என்றார். நூலகத்தை ஊர் தன்னுடையதாகக் கருத வேண்டுமாயின், அதன் அடிநிலத்தை ஊரே தேடித் தர வேண்டும் என்பதே அதன் உட்பொருள். நன்கொடையாளர் காணி தந்தால் அதனை நன்றியோடு ஏற்று, நூலகர் விடுதிக்கோ கிளை நூலகத்துக்கோ பயன்படுத்தலாம். தலைமை நூலகம் எங்கே நிற்பது என்பதை வாசகரின் வசதியே தீர்மானிக்க வேண்டும். கொடையாளியின் எல்லைக் கற்கள் தீர்மானிக்கக் கூடாது.

மூன்றாவதாக, சந்தைக் கட்டிடத்தின் மேல்மாடியிலே நூலகத்தை வைக்கும் யோசனை. நகர நடுவே இருக்கின்றது என்பது உண்மை. ஆனால் முதியவரும் மாற்றுத்திறனாளியும் கைக்குழந்தையோடு வரும் தாயும் எத்தனை படி ஏறுவர்? நூலகத்தின் வாயில் வீதியோடு வீதியாக இருக்க வேண்டும். வழியே போகின்றவர் உள்ளே வாசிப்போரைக் காண வேண்டும். கண்டால்தான் “நாமும் சென்று பார்ப்போம்” என்ற எண்ணம் பிறக்கும்.

சத்தமும் தூசியும்

“நகர நடுவிலே இரைச்சல், அங்கே எவ்வாறு வாசிப்பது?” என்ற கேள்வி நியாயமானது. இதற்கும் யாழ்ப்பாணத்திலேயே விடை உண்டு. அங்கே நூலகத்தைச் சந்தைக்குள்ளே கட்டவில்லை. சந்தையிலிருந்து சிறிது விலகி, வெளி சூழ்ந்த நிலத்திலே கட்டினார்கள். நடந்து போகும் தூரத்தில் நடுவும் உண்டு. காற்றும் அமைதியும் உண்டு. நடுவின் விளிம்பு என்று அவ்விடத்தைச் சொல்லலாம். கொழும்பு மாநகரின் பொது நூலகமும் புறக்கோட்டை நெரிசலுக்குள்ளே நிற்கவில்லை. விகாரமகாதேவிப் பூங்காவின் அருகே நிற்கின்றது. வாகனங்கள் அருகாற் செல்கின்றன. மரங்கள் இடையே நின்று இரைச்சலைத் தணிக்கின்றன.

அத்தகைய வெளி கிடைக்காத ஊர்களிலே கட்டிட அமைப்பினால் குறையைப் போக்கலாம். பத்திரிகைப் பகுதியும் இரவல் பகுதியும் வீதிப் பக்கம் இருக்கட்டும். அங்கே சிறிது இரைச்சல் கெடுதியன்று. ஆழ்ந்து படிப்போரின் மண்டபம் உட்புறம் இருக்கட்டும். மேற்கு வெயில் நேரே விழும் பக்கத்திலே பெரிய சன்னல்கள் வேண்டாம். வடக்கு வெளிச்சம் கண்ணுக்கும் நல்லது, நூலுக்கும் நல்லது. வாயிலருகே துவிச்சக்கர வண்டிகள் நிறுத்த நிழலான இடம் வேண்டும். இவையெல்லாம் கட்டிடக் கலைஞரால் தீர்க்கக்கூடிய குறைகள். தொலைவு என்ற குறையை மட்டும் எந்தக் கட்டிடக் கலைஞராலும் தீர்க்க முடியாது.

வளர்ச்சிக்கு இடம் விடுவதையும் மறக்கலாகாது. யாழ்ப்பாணத்திலே 1959இல் திறந்த கட்டிடத்தோடு சிறுவர் பகுதி 1967இல் சேர்ந்தது. கேட்போர் மண்டபம் 1971இல் சேர்ந்தது. முதல் நாளிலேயே எல்லாவற்றையும் கட்ட அவர்களிடம் பணம் இல்லை. ஆனால் பின்னர் கட்டுவதற்கு நிலம் இருந்தது. பணம் பிறகு வரும். நிலம் பிறகு வராது.

கிராமத்தாருக்கு என்ன பயன்?

“எங்கள் ஊரிலே சனசமூக நிலையம் இருக்கின்றது, வாசிகசாலை இருக்கின்றது. நகர நூலகம் நகரத்தாருக்குத்தானே?” என்று கமக்காரர் கேட்கலாம். கேட்க வேண்டியதே.

வாசிகசாலைகள் நம் கிராமங்களின் பெருமை. பத்திரிகை அங்கே வரும். நாட்டு நடப்பு அங்கே பேசப்படும். ஆனால் வெங்காயத்திலே புதிதாக ஒரு நோய் கண்டால், அதன் காரணத்தை விளக்கும் நூல் அங்கே இருக்குமா? காணிச் சட்டம் பற்றி ஐயம் எழுந்தால், அச்சட்டத்தின் வாசகத்தை அங்கே பார்க்க முடியுமா? பல்கலைக்கழகத்துக்குப் படிக்கும் பிள்ளைக்கு வேண்டிய பாட நூல்கள் அங்கே உண்டா? ஒவ்வொரு வாசிகசாலையும் இவற்றை வாங்குவது நடவாத காரியம். எல்லாக் கிராமங்களும் சேர்ந்து ஒரே இடத்தில் வைத்துக் கொள்ளும் பொதுச் சொத்தே தலைமை நூலகம். அந்தச் சொத்து எல்லாக் கிராமத்து பஸ்களும் வந்து நிற்கும் இடத்திலே இருந்தால் எல்லோருக்கும் சொந்தம். ஊர்ப்புறத்திலே இருந்தால், அந்தப் புறத்து ஊருக்கு மட்டுமே சொந்தம்.

அதிகாலையிலே மரக்கறியோடு சந்தைக்கு வரும் கமக்காரர், கமநல நிலையத்திலும் வங்கியிலும் கச்சேரியிலும் அலுவல் முடித்து, பஸ்ஸுக்காக ஒரு மணி நேரம் காத்திருக்கின்றார். அந்த ஒரு மணி நேரத்தை யார் பெறுவது? தேநீர்க் கடையா, நூலகமா? நூலகம் இருநூறு யார் தூரத்தில் இருந்தால் அந்த மணி நேரம் நூலகத்தினுடையது. இரண்டு மைல் தூரத்தில் இருந்தால் அது தேநீர்க் கடையினுடையது.

அதனோடு, நடுவிலிருந்து நூல்கள் புறப்பட்டுக் கிராமத்துக்குச் செல்லவும் வேண்டும். 1931ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டின் மன்னார்குடிப் பகுதியிலே மாட்டு வண்டியிலே நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு சென்றனர். மாட்டு வண்டியால் அன்று முடிந்தது, இன்று வானால் முடியாதா? ஆனால், வண்டி எங்கிருந்து புறப்படும்? எல்லா வீதிகளும் தொடங்கும் நடுவிலிருந்து புறப்பட்டால்தான் எல்லா ஊர்களுக்கும் செல்லும்.

தீ சொல்லும் பாடம்

இறுதியாக, ஓர் ஆட்சேபம். அது பணத்தைப் பற்றியதன்று, வேதனையிலே பிறந்தது. “நகர நடுவிலே, எல்லோரும் அறிய நின்றபடியால் அல்லவா யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்கள்? மறைவான இடத்தில் இருந்திருந்தால் தப்பியிருக்குமே?” என்று கேட்பவர் நம்மிடையே உண்டு. அவரை நாம் எளிதிலே ஒதுக்கிவிட முடியாது.

1981ஆம் ஆண்டு, மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் வேளையிலே, மே மாதம் முடிந்து ஜூன் மாதம் பிறந்த அந்த இரவுகளில், பொலிசாரும் அவர்களோடு சேர்ந்த காடையரும் நகரிலே தீ மூட்டினர். நூலகம் எரிந்தது, ஏறத்தாழ 97,000 நூல்களும், ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. “ஈழநாடு” பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. புத்தகக் கடையும் எரிந்தது. அந்த இழப்பின் அளவை எத்தனை கூட்டங்கள் கூடினாலும் சொல்லி முடிக்க இயலாது.

ஆயினும், அமைதியாக எண்ணிப் பார்ப்போம். எரிக்க வந்தவர்களுக்கு வழி தெரியாத குறையால் எந்த நூலகமும் தப்பியிருக்காது. இரண்டு மைல் தள்ளி, அக்கம்பக்கம் எவருமில்லாத இடத்திலே நின்றிருந்தால், அது எரிந்ததைக் கண்டவர்தாமும் இருந்திருக்கமாட்டார். ஊர் நடுவிலே நின்றபடியால், ஊரே அதனைக் கண்டது. உலகம் அதனைக் கேட்டது. கரி படிந்த அந்தச் சுவர்களைப் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகளும் சந்தைக்குச் செல்லும் பெற்றோரும் நாள்தோறும் கண்டனர், மறக்க முடியவில்லை. எரிந்த கட்டிடத்தை நினைவுச் சின்னமாக விட்டுவிட வேண்டும் என்று சொன்னோர் உண்டு. மீண்டும் அதனையே எழுப்ப வேண்டும் என்று சொன்னோரும் உண்டு. 1984இல் ஒரு பகுதி மீண்டும் இயங்கியது. போரிலே மறுபடியும் சிதைந்தது. 1998க்குப் பின்னர் புனரமைக்கப்பட்டு, புதிய நூற்றாண்டின் முற்பகுதியிலே மீண்டும் வாசகருக்குத் திறந்தது. இத்தனைக்கும் நடுவே அந்த இடம் மாறவில்லை. 1950களில் தேர்ந்த நிலம் அவ்வளவு சரியான நிலம்.

ஆனால் தீயிலிருந்து கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அது நிலத்தைப் பற்றியதன்று, பிரதியைப் பற்றியது. ஒரே ஒரு பிரதி உள்ள நூலையும் சுவடியையும் ஒரே கூரையின் கீழ் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கக் கூடாது. படியெடுத்து வேறு இரண்டு மூன்று இடங்களிலே வைக்க வேண்டும். 2005 முதல் நூலகம் நிறுவனத்தார் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிலே சேமித்து எவரும் வாசிக்க வழி செய்து வருவது அப்பாடத்தைக் கற்றதன் பயனே. வாசகருக்குரிய நூல் ஊர் நடுவிலே இருக்கட்டும். அரிய சுவடியின் மறுபடி பல ஊர்களிலே பரவிக் கிடக்கட்டும். பாதுகாப்புக்காக நூலகத்தையே மக்களிடமிருந்து மறைப்பது, திருடனுக்கு அஞ்சி விதைநெல்லைக் கிணற்றில் போடுவது போன்றதாகும்.

நாம் செய்ய வேண்டியது

அன்பர்களே! நம் ஊர்களிலே புதிய நூலகங்கள் எழ வேண்டிய காலம் இது. எந்தச் சபை நூலகத்துக்கு நிலம் தேடினாலும், தீர்மானம் நிறைவேறிய பிறகு குறை கூறுவதிலே பயனில்லை. முன்னரே நாம் செய்யக்கூடியவை சில உண்டு.

யோசிக்கப்படும் நிலங்கள் எவை எவை என்பதைச் சபை பகிரங்கமாக அறிவிக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒவ்வொரு நிலத்துக்கும் பஸ்நிலையத்திலிருந்து நடந்து பாருங்கள்; நடந்த நிமிடங்களைக் குறித்துக் கொள்ளுங்கள். பகலில் ஒரு தடவையும் இருட்டிய பின் ஒரு தடவையும் நடவுங்கள். பெண்பிள்ளைகளையும் முதியோரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மழைக் காலத்திலே போய்ப் பாருங்கள். சட்டத்தரணிகள் உறுதியைப் பார்க்கட்டும். பொறியியலாளர் நிலத்தைப் பார்க்கட்டும். ஆசிரியர் பாடசாலைகளின் தூரத்தைப் பார்க்கட்டும். கமக்காரர் சந்தையின் தூரத்தைப் பார்க்கட்டும். பார்த்ததை எழுதி, சபைக் கூட்டத்துக்கு முன்னரே உறுப்பினர் அனைவர் கையிலும் கொடுங்கள். கட்சி எதுவாயினும் கவலையில்லை. காணியைப் பற்றிய உண்மைக்குக் கட்சி கிடையாது.

நிலத்தின் விலை கூடுதலாயிருக்கின்றதே என்று சபை தயங்கினால், அந்தக் கூடுதல் விலையிலே ஒரு பங்கை நாம் சுமக்க முன்வர வேண்டும். யாழ்ப்பாண நூலகம் எழுந்தது அரசாங்கத்தின் தயவினால் மட்டுமன்று. பொதுமக்களின் கைப்பொருளும் உழைப்பும் அதிலே கலந்திருக்கின்றன. 844 நூல்களோடு ஓர் அறையிலே தொடங்கியவர்களுக்கு இருந்த துணிவு நமக்கு இல்லாமற் போகலாமா?

கோவிலை ஊர் நடுவே வைத்தோம். சந்தையை ஊர் நடுவே வைத்தோம். பிள்ளைகளின் அறிவுக்குரிய இடத்தை மட்டும் ஊருக்கு வெளியே தள்ளிவிட்டு, “பிள்ளைகள் வாசிக்கின்றார்கள் இல்லை” என்று அவர்கள் மேலே பழி சுமத்துவது நீதியாகுமா? நூலகத்தை அவர்கள் நடக்கும் வழியிலே வைப்போம். வாசிப்பார்களா, மாட்டார்களா என்பதை அதன் பின்னர் பார்ப்போம்.